கட்டிக்கும் கழலைக்கும் நடுவே

நான் வேலை பார்க்கும் பள்ளியின் தாளாளர் போன வாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்.

"இன்டர்நெட் இல்லாத காலத்துல நீங்க கலைக்களஞ்சியம் படிச்சு வளர்ந்தவங்கன்னு கேள்விப்பட்டனுங்க டீச்சர். அதை அப்படியே எழுதிக் குடுங்க. படிச்சுப்போட்டுப் புள்ளைங்க போனைக் கீழ வெக்கோணும்" என்றார்.

இனிப்பாக வேண்டும் என்று அர்த்தம். நாமக்கல்லில் விடுதியோடு நடக்கும் பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. விடிவதற்குள் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து, கேள்வியும் பதிலும் தூக்கத்தில்கூட வாயில் வருகிற அளவுக்கு உருப்போட வைக்கிறோம். அதில் வேதியியல் பங்கு என்னுடையது. இந்த லட்சணத்தில் வாசிப்பின் இன்பம் பற்றி எங்கள் மலரில் ஒரு கட்டுரை வரவேண்டுமாம். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதியும்விட்டேன், ஆனால் இதை அவர் போடமாட்டார்.

எனக்கு இந்தப் பழைய வாசிப்புப் பெருமையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. என்னோடு பள்ளியில் படித்தவர்களின் போன் குழு ஒன்று இருந்தது. அதில் ஒருத்தன் தடித்தடியான புத்தகங்களை அடுக்கிப் படமெடுத்துப் போட்டு, இதைப் படித்து வளர்ந்த கடைசித் தலைமுறை நாம்தான் என்று எழுதினான். உடனே ஆளாளுக்குக் கையைக் கூப்பினார்கள், கண்ணீர் விட்டார்கள், இதயம் பறக்கவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் பாடப் புத்தகத்தையே அட்டை போட மட்டும் தொட்டவர்கள். நான் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். ஒருத்தி மட்டும் தனியாகக் கேட்டாள், ஏன் போய்விட்டாய் என்று. போனில் இடமில்லை என்று பொய் சொன்னேன்.

உண்மையில் அவர்கள் எல்லாரையும்விட நான்தான் படித்தவள். பத்துத் தொகுதி, அட்டை முதல் அட்டை வரை.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் வருகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போகவேண்டும். வீடு தோட்டத்துக்குள் தனியாக இருந்தது. அப்பாவுக்கு ஒரு ரிக் வண்டியில் பங்கு இருந்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. பொங்கல் முடிந்ததும் ஆட்களோடு ஆந்திராவுக்கும் அதற்கு மேலேயும் கிளம்பிவிடுவார். மழை பிடித்தால்தான் திரும்புவார். அப்படி ஒரு ஐப்பசியில் ஊரில் இருந்தபோது, சட்டையை உள்ளே விட்டு டை கட்டிய ஒருத்தன் பெட்டியோடு வந்தான். தமிழில் கலைக்களஞ்சியம், உலகத்து விஷயம் அத்தனையும் அகர வரிசையில் இருக்கிறது, வீட்டில் ஒரு வாத்தியார் இருக்கிற மாதிரி என்றான். அதே மாதம்தான் பெரியப்பா வீட்டில் கலர் டி.வி. வாங்கியிருந்தார்கள். "அவங்க டி.வி. வாங்கறாங்க, நாம அறிவை வாங்கிப்போடலாம்" என்று அப்பா சொல்லிவிட்டார். வீட்டுக்கு அறிவு வந்த கதை இவ்வளவுதான்.

சிவப்பு அட்டை, தங்க எழுத்து. கண்ணாடி அலமாரியில், யாருக்கும் காபி ஊற்றிக் கொடுக்காத பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அப்பா ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை. அம்மா அஞ்சாவது வரை படித்தவள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் துணியால் அந்தப் பத்துத் தொகுதியையும் துடைப்பாள். ஆயுத பூஜையன்று ரிக் வண்டியின் கம்ப்ரசருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு உள்ளே வந்து, பத்துத் தொகுதிக்கும் முதுகில் ஒவ்வொரு பொட்டு வைப்பாள். படிக்கிற புத்தகத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டால் அது சொல்வதை எதிர்த்துக் கேட்க வாய் வருமா? எங்கள் வீட்டில் வரவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அ-வில் ஆரம்பித்தேன். அகழி, அண்டார்க்டிகா, அணில் என்று வரிசையாகத் தின்றுகொண்டே போனேன். எது எதற்கு அடுத்து வருகிறதோ அதுதான் அறிவு. எங்கள் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. துருவத்தில் பனி எவ்வளவு கனம் என்று தெரியும். பனைக்கும் ஈச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. பாலைவனத்து ஒட்டகத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுவேன். சில தலைப்புகளுக்குக் கீழே விளக்கம் இருக்காது. 'பார்க்க' என்று போட்டு வேறொரு சொல்லைக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்துக்குப் போகவேண்டும். எனக்கு அது விளையாட்டு. ஒரு பார்க்கவிலிருந்து இன்னொரு பார்க்கவுக்குத் தாவித் தாவி ஒரு மத்தியானத்தையே ஓட்டிவிடுவேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை நடுக்கூடத்தில் நிறுத்தி வைப்பார்கள். "எதை வேண்ணாலும் கேளுங்க, புள்ள சொல்லும்" என்று அம்மா சொல்வாள். வந்தவர்களுக்கு என்ன கேட்பது என்று தெரியாது. ஏதோ ஒரு நாட்டின் தலைநகரைக் கேட்பார்கள். நான் தலைநகரோடு நிற்காமல் அங்கே என்ன விளைகிறது என்பதையும் சேர்த்து ஒப்பிப்பேன். சரியா தப்பா என்று அவர்களுக்கும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போவார்கள். அந்த வயதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு அறை விடத் தோன்றுகிறது.

பெரியப்பா மட்டும் மசியமாட்டார். அவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். ஒரு நாள் வேண்டுமென்றே கேட்டார்.

"ஏஞ்சாமி, ஒரு கோழி வருசத்துக்கு எத்தன முட்டை போடும்னு உன்ற பொஸ்தகத்துல போட்டிருக்குது?"

நான் பார்க்காமலே சொன்னேன். அவருடைய பண்ணைக் கோழி போடுவதில் பாதிகூட இல்லை அந்தக் கணக்கு. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாவம், உன்ற பொஸ்தகத்துக் கோழிக்குத் தீவனம் பத்தல போல இருக்குது."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. புத்தகத்தில் இருப்பதுதான் சரி, உங்கள் கோழிதான் தப்பு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவர் போன பிறகு என் தலையைத் தடவி, "அவருக்கு என்ன தெரியும், வெறும் கோழி. அச்சுல போட்டவன் பொய்யா எழுதுவான்?" என்றாள். பெரியப்பா சொன்னதில் இருந்த விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அந்தப் புத்தகம் எப்போதோ யாரோ எழுதி வைத்தது, நடப்புக்கும் அதற்கும் சம்பந்தம் விட்டுப்போய்விட்டது என்பதைத்தான் அந்த மனுஷர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குப் பன்னிரண்டு முடிந்த பங்குனியில், ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஆந்திராவில் இருந்தார். குளிக்கிற தட்டிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள். முதுகு தேய்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்று போனேன். ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டு, என் கையை எடுத்து இடது மாரின் ஓரத்தில் வைத்தாள்.

"இங்க அமுக்கிப் பாரு சாமி. கட்டியாட்டம் இல்ல?"

இருந்தது. கடலைக்காய்ப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. வழுக்கிக்கொண்டு போகாமல் ஒரே இடத்தில் நின்றது.

"வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. அதான் என்ன கருமம்னு தெரியல." தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டாள். "ஆர்கிட்டயும் சொல்லிப்போடாத. பொஸ்தகத்துல பாத்துச் சொல்லு."

எங்கள் ஊரில் ஒரு டாக்டர் இருந்தார். ஆண். எதற்கும் ஊசி போடுவார். பெண் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்செங்கோடு போகவேண்டும், ரோடு வரை நடந்து பஸ் பிடிக்கவேண்டும், எதற்குப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். வீட்டுக்குள்ளேயே பத்துத் தொகுதி இருக்கும்போது அம்மா எதற்கு அவ்வளவு தூரம் போவாள்?

நான் ஓடினேன். பெருமையோடு ஓடினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். வந்தவர்களுக்குத் தலைநகரம் சொல்லிக்கொண்டிருந்தவளிடம் முதல் தடவையாக ஒரு உண்மையான கேள்வி வந்திருக்கிறது. க தொகுதியை எடுத்தேன். அம்மா கட்டி என்றாள், நான் கட்டியைத் தேடினேன். இருந்தது. தோலுக்கு அடியில் சீழ் கோத்து வருவது, சில நாளில் பழுத்து உடையும், உடைந்தால் ஆறிவிடும், சூடாக ஒத்தடம் கொடுப்பது நல்லது. ஏழெட்டு வரிதான். கடைசியில் பொடி எழுத்தில் 'பார்க்க: கழலை' என்று இருந்தது.

எல்லாப் பார்க்கவையும் பார்க்கிறவள் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. சோம்பலால் அல்ல. கழலை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் அறிவியல் பாடத்தில் முன்கழுத்துக் கழலை என்று ஒன்று வரும். அயோடின் குறைந்தால் கழுத்து வீங்குவது. கழுத்து புடைத்த ஒரு பொம்பளையின் படம்கூடப் போட்டிருப்பார்கள். வருஷா வருஷம் பரீட்சையில் கேட்பார்கள், நான் வருஷா வருஷம் முழு மதிப்பெண் வாங்குவேன். அம்மாவுக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே அது இது இல்லை. தமிழ்நாட்டில் பாடம் படித்த பிள்ளைக்குத்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய வரும். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள் ஒருத்தி, கழலை என்றால் என்னவென்று தெரியாமல், அந்தப் பக்கத்தைப் புரட்டியாவது பார்த்திருப்பாள்.

"சூடு கட்டிதாம்மா. பழுத்து உடைஞ்சுரும். ஒத்தடம் குடுக்கோணும்னு போட்டிருக்குது."

அம்மாவின் முகம் தெளிந்ததை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. "அப்பிடியா, செரி செரி" என்றாள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். தினமும் காலையில், என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு.

அது பழுக்கவில்லை. சித்திரையில் கேட்டேன், இன்னும் பழுக்கவில்லை என்றாள். வைகாசியில் நானே அமுக்கிப் பார்த்தேன். பெரிதாகியிருந்தது. பெரிதானால் பழுக்கப் போகிறது என்று அர்த்தம் என்று சொன்னேன். அது புத்தகத்தில்கூட இல்லை, நானாகச் சேர்த்தது. அதற்குள் புத்தகம் பேசுவது மாதிரியே பேச எனக்கு வந்துவிட்டிருந்தது. ஒரு நாள் பெரியம்மா எதற்கோ வந்தவள், அம்மா சேலையை இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். விஷயம் தெரிந்ததும், "திருச்செங்கோட்டுக்குப் போய் அந்த லேடி டாக்டரை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்லாம் வா, நான் கூட வாரேன்" என்றாள்.

"எதுக்குங்க்கா. புள்ள பொஸ்தகத்துல பாத்துப்போட்டுச்சு. சூடு கட்டிதானாமா" என்று அம்மா சொன்னாள்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாங்க பெரியம்மா என்று தலையாட்டினேன். படித்த பிள்ளையை எதிர்த்துப் பேச அவளுக்கும் வாய் வரவில்லை. அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஒரு பன்னிரண்டு வயதுச் சனியனைப் போடி அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவளும் எங்கள் வீட்டு ஆயுத பூஜைக்கு வந்து அந்தப் பத்துத் தொகுதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள்தானே.

ஐப்பசியில் அப்பா வந்தபோது அம்மாவால் இடது கையைத் தூக்க முடியவில்லை. கை வீங்கிப்போய் வளையல் ஏறவில்லை. அப்பா அன்றைக்கே பக்கத்துத் தோட்டத்துக் காரை வாடகைக்கு எடுத்தார். தனியாக வர அம்மாவுக்குக் கூச்சம், அதனால் என்னையும் கூட ஏற்றிக்கொண்டார்கள். திருச்செங்கோட்டு டாக்டரம்மா அம்மாவைத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து கையைக் கழுவினார்.

"எத்தனை மாசமா இருக்கு?"

"பங்குனியில இருந்துங்க."

"வலி இருந்துச்சா?"

"இல்லீங்க. வலிக்கவே இல்லீங்க."

"வலி இல்லாத கட்டின்னா உடனே வரணும்மா. இத்தனை மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பழுக்கட்டும்னு இருந்தனுங்க" என்றாள் அம்மா. பிறகு என் தோளைத் தொட்டு, "எம் புள்ள பொஸ்தகத்துல பாத்துச் சொல்லுச்சுங்க" என்றாள். அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டை எழுதி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் க தொகுதியை எடுத்தேன். கட்டியிலிருந்து கழலைக்கு எண்பது பக்கம்கூட இல்லை. நடுவில் கண்ணாடி, கப்பல், கரடி, கவரிமான். எல்லாம் நான் கரைத்துக் குடித்தவை. கழலையை மட்டும், தெரிந்ததுதானே என்று ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறேன். கழலைக்கு எதிர்ப் பக்கத்தில் கழுகின் வண்ணப்படம். அந்தக் கழுகை நான் இரண்டு தடவை நோட்டில் பார்த்து வரைந்திருக்கிறேன், அப்போதெல்லாம் கழலை என் இடது கைக்கு அடியில் இருந்திருக்கிறது. உடம்பின் எந்த உறுப்பிலும் வரும் என்று எழுதியிருந்தது. கெட்ட கழலை ஆரம்பத்தில் நோவு தராது, நோவில்லாத கழலையைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் போகவேண்டும் என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா சொன்னதேதான். புத்தகத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஊரே கட்டி என்று சொல்கிற ஒன்றுக்கு, யாரும் வாயில் வைக்காத ஒரு பெயரைப் போட்டு எண்பது பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். எழுதியவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள். அவள் என்றைக்காவது, எனக்குக் கழலை வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பாளா?

இதைவிடக் கேவலமானது அடுத்த வாரம் நடந்தது. சேலத்தில் என்ன நோய் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இதுக்கு மருந்து போட்டிருக்குதான்னு பொஸ்தகத்துல பாரு சாமி" என்றார்.

எனக்குப் புத்தகங்களை அப்படியே தூக்கிக் கிணற்றில் போடவேண்டும் போல இருந்தது. ஆனால் பார்த்தேன். பார்த்து, ரேடியம் என்று போட்டிருக்கிறது என்றேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் சேலத்தில் டாக்டரிடம், ரேடியம் குடுப்பீங்களா என்று கேட்டிருக்கிறார்.

அம்மா அடுத்த தை மாதம் வரை இருந்தாள். அந்த மாதங்களை நான் எழுதப் போவதில்லை. சாவுக்கு வந்தவர்கள் விதி என்றார்கள், கண்பட்டுவிட்டது என்றார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. படிக்கிற புள்ள, பாவம், அம்மாவை வாரிக் கொடுத்துவிட்டது என்று என் தலையைத் தடவினார்கள். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா இல்லாமல் வந்த முதல் ஆயுத பூஜைக்கு அப்பாவே சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து தொகுதிகளின் முதுகில் பொட்டு வைத்தார். வைக்காதீங்கப்பா என்றேன். ஏன் என்று கேட்டார். அவர் பத்தையும் வைத்து முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது யாராவது என்னிடம், இணையத்தில் இருப்பதெல்லாம் குப்பை, அந்தக் காலத்துப் புத்தகம் மாதிரி வருமா என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஒரு நாள் போனில், எங்கள் அம்மா பேசிய பேச்சிலேயே, எழுத்துப் பிழையோடு, மார்ல கட்டி வலிக்கல என்று அடித்துப் பார்த்தேன். தாமதிக்காமல் டாக்டரைப் பார் என்று எடுத்த எடுப்பில் வந்தது. அதற்குக் கீழேயே ஒருத்தன் மூலிகை எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தான். குப்பை இருக்கிறதுதான். ஆனால் கட்டி என்று கேட்டவளை, நீ கேட்டது கட்டி, கழலை அந்தப் பக்கம் என்று அது திருப்பி அனுப்பவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ரீல் பார்த்துச் சிரிக்கிற என் மாணவிகளைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. எழுந்து நின்று, தனக்கு அர்த்தம் தெரியாத பதிலைக் கமா புள்ளியோடு ஒப்பிக்கிறாளே ஒருத்தி, அவளைப் பார்த்தால்தான் எனக்குக் குலை நடுங்குகிறது. ஒப்பித்து முடித்ததும் அவளுக்கு முழு மதிப்பெண் போடுவதும் நான்தான்.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த வருஷம் ஆடி மாதம், அப்பா வருவதற்கு முன்னால், மாவட்ட அளவில் ஒரு பேச்சுப்போட்டி நடந்தது. அறிவியலில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். நான் ப தொகுதியை எடுத்துப் புற்றுநோய் என்ற கட்டுரையை அப்படியே நோட்டில் எழுதினேன். பெரிய நோயாக இருந்தது, சொற்களும் கனமாக இருந்தன, மேடையில் எடுபடும் என்பதுதான் காரணம். கட்டி என்ற சொல் அதில் ஒரு இடத்தில்கூட இல்லை, எல்லாம் கழலைதான். தமிழ் டீச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வரியைப் பென்சிலால் அடித்தார். பெண்களுக்கு மார்பகத்தில் வரும் என்ற வரி. "மேடையில நின்னு பொம்பளப் புள்ள இதையெல்லாம் சொல்லக் கூடாது, அந்த வரிய விட்டுடு" என்றார். விட்டுவிட்டேன். போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விதைக்குக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் முறத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் உரித்தாள். தொடக்கத்தில் நோவு தராமல் வளரும் கழலை என்று நான் சொன்ன இடத்தில் அவள் கை நின்றது.

"கழலைன்னா என்ன சாமி?"

"குறுக்க பேசாதம்மா, மறந்துரும்."

அம்மா மறுபடியும் உரிக்க ஆரம்பித்தாள். நான் முதலிலிருந்து சொன்னேன். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.